நிலம் எது? – ‘இரு நகரங்கள்’ வரலாற்றுத் தொடர், பகுதி 9

போன வாரம் ரோம் நகரத்தின் வாசலில் நின்றோம். 410 ஆகஸ்ட் 24. அலாரிக்கின் கோத்தியப் படை மூன்று நாள் நகரத்தைச் சூறையாடியது. தப்பிய பணக்காரக் குடும்பங்கள் கப்பலேறி வட ஆப்பிரிக்காவில் கரையிறங்கின. கிறிஸ்தவர்களின் கடவுள் ஏன் கைகட்டிக்கொண்டு நின்றார் என்று அவர்களில் சிலர் கேட்டார்கள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன். ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு தீராமல் கிடந்தது. நூறு வருஷத்து வழக்கு.

இந்த வாரம் அந்த வழக்கைப் பார்த்துவிடுவோம். ரோமின் வீழ்ச்சிக்கு முன்னால் இது பங்காளிச் சண்டை மாதிரிதான் தெரியும். ஆனால் திருச்சபையும் கடவுளின் ராஜ்யமும் ஒன்றா வேறா என்று அகுஸ்தீன் பின்னால் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் நாற்று விட்ட இடம் இதுதான்.

* * *

303 மே 19. சிர்த்தா நகரம், இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்.

பேரரசர் டயோக்ளீஷியனின் ஆணை வந்திருக்கிறது: கிறிஸ்தவர்கள் தங்கள் வேதப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும், எரிக்கப்படும். நகர அதிகாரி ஆட்களோடு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குள் நுழைகிறார். பக்கத்தில் எழுத்தர். ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் போடுகிறார்கள். தங்கக் கிண்ணம் இரண்டு. வெள்ளிக் கிண்ணம் ஆறு. வெள்ளி விளக்கு ஏழு. பெண்களின் அங்கி 82. முக்காடு 38. ஆண்களின் அங்கி 16. ஆண்களின் செருப்பு 13 ஜோடி. பெண்களின் செருப்பு 47 ஜோடி.

அங்கியும் செருப்பும் ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்தவையாக இருக்கலாம். ஆயர் பவுலுஸ் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாகப் பதிவில் இல்லை. பிறகு புத்தகங்களும் போயின.

இப்படிக் கொடுத்தவர்களுக்கு ‘ஒப்படைத்தவர்கள்’ என்று பெயர் விழுந்தது. இலத்தீனில் அந்தச் சொல்லுக்குத் ‘துரோகி’ என்றும் பொருள். கொடுக்க மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை.

துன்புறுத்தல் ஓய்ந்ததும் கார்த்தேஜில் செசிலியானுஸ் ஆயரானார். அவரை அபிஷேகம் செய்த அப்துங்கா ஆயர் பெலிக்ஸ் ‘ஒப்படைத்தவர்’ என்று ஒரு பிராது எழுந்தது. விசாரணையில் அது பொய் என்று தீர்ப்பு வந்தது. யார் கேட்டார்கள்? கறைபட்ட கை தொட்டால் கறைதான் ஒட்டும் என்றார்கள். போட்டி ஆயரை நியமித்தார்கள். அவருக்குப் பின் வந்தவர் தொனாத்துஸ். அவர் பெயரால்தான் அந்தத் தரப்பை எதிரிகள் ‘தொனாத்தியர்’ என்றார்கள். அவர்களோ தங்களைத் திருச்சபை என்றே சொல்லிக்கொண்டார்கள்: தூய திருச்சபை, இரத்த சாட்சிகளின் திருச்சபை.

பேரரசர் கான்ஸ்டன்டைன் சமரசம் செய்து பார்த்தார், படையையும் அனுப்பிப் பார்த்தார், கடைசியில் 321இல் விட்டுவிட்டார். 347இல் இன்னொரு பேரரசரின் ஆட்கள் வந்து அடித்து நொறுக்கினார்கள். அடி வாங்கிய தரப்புக்குப் புதிய இரத்த சாட்சிகள் கிடைத்தார்கள். இந்த மாதிரி வழக்குகளில் அடி என்பது எரியும் அடுப்புக்கு விறகு.

* * *

சண்டை சித்தாந்தத்தோடு நிற்கவில்லை, அடுக்களை வரைக்கும் வந்தது.

ஹிப்போவில் தொனாத்தியரே பெரும்பான்மை. அகுஸ்தீன் வருவதற்கு முன்பு அவர்களுடைய ஆயராக இருந்தவர், செசிலியானுஸ் தரப்பின் வழிவந்த கத்தோலிக்கருக்கு, அதாவது அகுஸ்தீனின் தரப்புக்கு, யாரும் ரொட்டி சுடக் கூடாது என்று தடை போட்டார். கத்தோலிக்கத் திருத்தொண்டர் ஒருவரின் இடத்தில் வாடகைக்கு இருந்த ரொட்டிக்காரர்கூட வீட்டுக்காரரின் மாவைச் சுட்டுத்தர மறுத்தார்.

நாட்டுப்புறத்தில் தடியோடு திரிந்த கூட்டம் ஒன்று இருந்தது. கடவுளுக்குத் துதி என்று கத்திக்கொண்டு வருவார்கள். அந்தத் துதியைக் கேட்டாலே கத்தோலிக்கக் குருக்கள் நடுங்கினார்கள். சுண்ணாம்பையும் காடியையும் கலந்து கண்ணில் ஊற்றிய சம்பவங்களை அகுஸ்தீன் தரப்பே கடிதத்தில் எழுதியிருக்கிறது. அகுஸ்தீனுக்கும் ஒருமுறை வழியில் ஆள் வைத்துக் காத்திருந்தார்கள். வழிகாட்டி பாதை தவறி வேறு வழியில் கூட்டிப்போனதால் தப்பினார்.

எல்லாத் தொனாத்தியரும் தடிக்காரர்கள் அல்ல. ஊருக்கு ஊர் இரண்டு ஆயர், இரண்டு கோவில், ஒரே வேதம், ஒரே ஜெபம். ஒரு வீட்டில் கணவன் இந்தப் பக்கமும் மனைவி அந்தப் பக்கமும் இருந்தார்கள். கத்தோலிக்கக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் அந்தப் பக்கம் போனால் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள், முதலாவது வெறும் தண்ணீர் என்பதுபோல.

ஏன் இவ்வளவு வீம்பு? அவர்கள் கண்ணோட்டத்தில் காரணம் நியாயமானது. திருச்சபை என்பது சுவர் எழுப்பிய தோட்டம். கடவுளின் ராஜ்யத்துக்கு இந்தப் பூமியில் கிடைத்த ஒரே தூய இடம். அதற்குள் ஒரு துரோகியை விட்டால் தோட்டம் முழுக்க நஞ்சாகும். அந்தத் துரோகி கொடுக்கும் ஞானஸ்நானமும் நஞ்சுதான்.

தூய்மையா, பரப்பா? கத்தோலிக்கத் தரப்பு பரப்பைக் காட்டியது: உலகம் முழுக்க இருக்கும் சபை ஆப்பிரிக்காவின் ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டதா என்ன?

* * *

410 அக்டோபர் 14. ரோம் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேற்குப் பேரரசர் ஹொனோரியுஸ் ரவென்னாவில் இருந்து ஆணை போடுகிறார்: இரு தரப்பு ஆயர்களும் கார்த்தேஜில் கூடி விவாதிக்க வேண்டும். நடுவராக மர்செல்லினுஸ் என்ற அதிகாரி.

ரோம் சூறையாடப்பட்ட நேரத்தில் ஒரு பேரரசருக்கு ஆயர்கள் சண்டைதான் முக்கியமா என்று கேட்கத் தோன்றும். ரோமுக்குத் தானியம் போனது ஆப்பிரிக்காவிலிருந்து. அந்த மாகாணம் இரண்டாகப் பிளந்து கிடப்பது ரவென்னாவுக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்.

மர்செல்லினுஸ் நல்ல மனிதர்; பக்தியுள்ள கத்தோலிக்கர். வழக்கில் சிக்கலே அதுதான். நடுவர் ஒரு தரப்பின் ஆள். அதை அவரும் உணர்ந்திருந்தார். என்னோடு இன்னொரு நடுவரைத் தொனாத்தியரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் ஏற்கவில்லை.

கத்தோலிக்க ஆயர்கள் அதற்குள் ஒரு காரியம் செய்தார்கள். நாங்கள் தோற்றால் பதவியை விட்டுவிடுகிறோம். ஜெயித்தால் எதிர்த்தரப்பு ஆயரை எங்கள் பக்கத்திலேயே சரிசமமாக உட்காரவைக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஏறக்குறைய முந்நூறு பேர் கூடிய கூட்டத்தில் இதற்கு முகம் சுளித்தவர்கள் இரண்டே பேர். பதவி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

411 மே 18. தொனாத்திய ஆயர்கள் ஊர்வலமாகக் கார்த்தேஜுக்குள் நுழைந்தார்கள். நகரம் வாய் பிளந்து பார்த்தது.

* * *

ஜூன் 1, 411. கர்கிலியுஸ் குளியல் மண்டபம். விசாலமான, வெளிச்சமான, ஆப்பிரிக்கக் கோடைக்குக் குளிர்ச்சியான இடம்.

ஏற்பாட்டின்படி தரப்புக்குப் பதினெட்டுப் பேர்: பேச ஏழு, ஆலோசனைக்கு ஏழு, பதிவைக் கண்காணிக்க நான்கு. கத்தோலிக்கர் பதினெட்டுப் பேரோடு வந்தார்கள். தொனாத்தியர் ஒட்டுமொத்தமாக வந்தார்கள்.

மர்செல்லினுஸ் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

தொனாத்தியர் உட்காரவில்லை. பொல்லாதவர்களோடு உட்காருவதைச் சங்கீதம் தடுக்கிறது என்றார்கள். உடனே கத்தோலிக்கரும் நின்றுகொண்டார்கள். ஆயர்கள் நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது என்று மர்செல்லினுஸும் நாற்காலியைத் தள்ளச் சொன்னார். விவாதம் முழுக்க நின்றுகொண்டே நடந்தது.

பிறகு தொனாத்தியரின் வக்கீலாகவே செயல்பட்ட சிர்த்தா ஆயர் பெத்திலியானுஸ் ஆட்சேபணை கிளப்பினார். அவர் ஒரு காலத்தில் உண்மையிலேயே வக்கீல்தான். கத்தோலிக்கர் கொடுத்த மனுவில் இத்தனை ஆயர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, இவர்களெல்லாம் நிஜ மனிதர்கள்தானா? ஒவ்வொருவராக வந்து முகம் காட்டட்டும்.

வருகைப்பதிவு தொடங்கியது.

ஒரு பெயர் வாசிக்கப்படும். கத்தோலிக்க ஆயர் முன்னால் வருவார். அதே ஊரின் தொனாத்திய ஆயர் எதிரில் வந்து நிற்பார். முகத்தைப் பார்ப்பார். “இவரைத் தெரியும்” என்பார். அடுத்த பெயர். மீண்டும் இரண்டு கிழவர்கள் எதிரெதிரே. “தெரியும்.” சிலர் அதோடு நிற்கவில்லை, தங்கள் கோவிலை இடித்தது, தங்கள் ஆட்களை அடித்தது என்று ஒரு வரி சேர்த்தார்கள். சுருக்கெழுத்தர்கள் மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஊரில் பல வருஷம் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

தொனாத்தியரின் முறை வந்தபோது அவர்கள் பட்டியலில் ஒரு பெயருக்கு ஆள் இல்லை. விசாரித்தால், வரும் வழியில் இறந்துவிட்டாராம். அப்படியென்றால் கார்த்தேஜில் எழுதிய மனுவில் அவர் கையெழுத்து எப்படி வந்தது? பெத்திலியானுஸ், சாவு மனிதனுக்கு சகஜம்தானே என்றார். அகுஸ்தீனின் பால்ய நண்பரும் தகாஸ்தே ஆயருமான அலிப்பியுஸ் விடவில்லை: சாவு சகஜம், பொய் சகஜமல்ல என்ற பொருளில் திருப்பிக் கொடுத்தார்.

கணக்குத் தீர்ந்தபோது கத்தோலிக்கர் 286. தொனாத்தியர் 280 அளவில். ஏறக்குறைய சரிபாதி. முதல் நாள் அதிலேயே போய்விட்டது.

இரண்டாம் நாள், ஜூன் 3. சுருக்கெழுத்து எங்களுக்குப் புரியாது, முழு எழுத்தில் பிரதி வேண்டும் என்று தொனாத்தியர் வாய்தா கேட்டார்கள். கிடைத்தது. ஐந்து நாள் போனது.

* * *

ஜூன் 8. மூன்றாம் நாள்.

வெகுநேரம் தேதி, கையெழுத்து, யார் வாதி யார் பிரதிவாதி என்றே இழுபறி. பிறகுதான் தொனாத்தியரின் மனு வாசிக்கப்பட்டது. அப்போதுதான் அகுஸ்தீன் காத்திருந்த இடம் வந்தது.

கோதுமை, களை உவமை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவன் நிலத்தில் நல்ல விதை விதைக்கிறான். இரவில் எதிரி களை விதைத்துவிட்டுப் போகிறான். பிடுங்கிவிடலாமா என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். அந்தக் களை கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் ஒரு புல். நம் வயலில் நெல்லோடு நெல்லாக நின்று ஏமாற்றும் புல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையாட்களின் சங்கடம் புரியும்.

அகுஸ்தீன் தரப்பின் வாதம் இது: சபைக்குள் களை இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதனால் சபை சபையில்லாமல் போகாது. பிரித்தெடுப்பது நம் வேலை அல்ல, அறுவடைக்காரனின் வேலை.

தொனாத்தியர் தயாராக வந்திருந்தார்கள். உவமையை விளக்கும்போது இயேசுவே சொல்லிவிட்டாரே, நிலம் என்பது உலகம் என்று. உலகத்தில் களை இருக்கட்டும். சபைக்குள் எதற்கு?

ஒரே சொல். நிலம் உலகமா, திருச்சபையா?

யோசித்துப் பாருங்கள், எழுத்தின்படி தொனாத்தியர் சொன்னதுதான் சரி. சுவிசேஷத்தில் அப்படித்தான் இருக்கிறது. அகுஸ்தீன் சுற்றிவர வேண்டியிருந்தது. உலகம் என்ற சொல் வேதத்தில் எல்லா இடத்திலும் கெட்ட பொருளில் வருவதில்லை; கடவுள் தம்மோடு ஒப்புரவாக்கிக்கொண்ட உலகம் என்று பவுல் சொல்லும் இடத்தில் அது உலகமெங்கும் பரந்த சபைதான் என்றார்.

அடுத்து வலை உவமை. கடலில் வீசிய வலையில் நல்ல மீனும் ஆகாத மீனும் சேர்ந்தே சிக்குகின்றன. இதற்கும் தொனாத்தியரிடம் பதில் இருந்தது, அழகான பதில்: வலை தண்ணீருக்குள் இருக்கும்போது உள்ளே என்ன மீன் என்று மீனவனுக்குத் தெரியாது. மறைந்திருக்கும் பாவியைப் பற்றித்தான் அந்த உவமை. வெளிப்படையாகத் தெரிந்த பாவியை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அவர்கள் ஒரு அடி பின்வாங்கியதை அகுஸ்தீன் கவனித்தார். மறைந்த பாவிகளாவது சபைக்குள் இருப்பார்கள் என்று ஒத்துக்கொண்டாயிற்று. உடனே மூன்றாவது படத்தை எடுத்தார்: போரடிக்கும் களம். பதர் தண்ணீருக்கடியில் ஒளிந்திருப்பதில்லை. வெட்டவெளியில் நெல்மணியோடு கிடப்பதுபோலக் கோதுமையோடு கிடக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. தூற்றும் நேரம் வரும்வரை ஒரே களத்தில்தான்.

அப்படியானால் நீங்கள் இரண்டு திருச்சபை சொல்கிறீர்கள் என்றார்கள் தொனாத்தியர். பாவிகள் கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று.

இல்லை என்றார் அகுஸ்தீன். சபை ஒன்றுதான், காலம்தான் இரண்டு. சாவுக்கு உட்பட்ட உடலோடு இருந்த கிறிஸ்துவும் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவும் இரண்டு கிறிஸ்துவா? இன்று கலந்திருக்கும் அதே சபைதான் நாளை கலப்பில்லாமல் இருக்கப்போகிறது.

இந்தப் பதிலை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் ஒரு தொனாத்தியர் என்பது சரித்திரத்தின் குசும்பு. திக்கோனியுஸ் என்ற குருப்பட்டம் பெறாத அறிஞர். ஆண்டவரின் உடலாகிய சபைக்கே வலம், இடம் என்று இரண்டு பக்கம் உண்டு என்று எழுதினார். அவர் தரப்பே அவரைத் தள்ளிவைத்தது. அதற்காக அவர் கத்தோலிக்கராகவும் மாறவில்லை. அந்த மனிதரின் புத்தகத்தைப் படித்துவிட்டு, இதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அகுஸ்தீன் கார்த்தேஜ் ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்.

பொழுது சாய்ந்தது. விளக்கேற்றி இரவில்தான் மர்செல்லினுஸ் தீர்ப்புச் சொன்னார். கத்தோலிக்கர் ஜெயித்தார்கள்.

நடுவர் லஞ்சம் வாங்கினார் என்று பேச்சுக் கிளம்பியது.

* * *

இனி வருவதுதான் எனக்கு உறுத்துவது.

412 ஜனவரி 30. பேரரசரின் சட்டம் வெளியானது. கத்தோலிக்கராக மாறாத தொனாத்தியருக்கு அந்தஸ்துக்குத் தக்க அபராதம். மிக உயர்ந்த பிரபுவுக்கு 50 பவுண்டு தங்கம். நகர்மன்ற உறுப்பினருக்கு 5 பவுண்டு. வியாபாரிக்கும் 5, சாதாரணக் குடிமகனுக்கும் 5. தடிக்காரக் கூட்டத்தாருக்கு 10 பவுண்டு வெள்ளி. கோவில்களும் நிலங்களும் கத்தோலிக்கர் கைக்குப் போயின.

அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்று ஜூனில் வாதாடி ஜெயித்தவர்கள், அடுத்த ஜனவரியில் அரசாங்கத்தின் கையால் களை பிடுங்கினார்கள்.

அகுஸ்தீன் மரண தண்டனையை எதிர்த்தார். கொலை செய்த தொனாத்தியருக்கும் உயிர்ப்பிச்சை கேட்டு மர்செல்லினுஸுக்கே கடிதம் எழுதினார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அபராதத்தை எதிர்க்கவில்லை. விருந்துக்கு ஆட்களை வருந்தி அழைத்து வரச் சொன்ன எஜமானின் உவமையைக் கட்டாயத்துக்குச் சான்றாக அவர் ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தார். ஓர் உவமை காத்திரு என்றது, இன்னொரு உவமை இழுத்து வா என்றது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே பையில் வைத்திருந்தார்.

விவாதத்தின் முழுப் பதிவும் தவக்காலந்தோறும் சில கோவில்களில் வரிவிடாமல் வாசிக்கப்பட்டது. கேட்டவர்களின் பொறுமையை வியக்கிறேன்.

* * *

இதற்கிடையே மர்செல்லினுஸுக்கும் அகுஸ்தீனுக்கும் நெருக்கமாகிவிட்டது. ரோமிலிருந்து வந்தவர்களின் கேள்விகளை மர்செல்லினுஸ்தான் விடாமல் கடிதம் கடிதமாக ஹிப்போவுக்கு அனுப்பினார். பதிலாக எழுதத் தொடங்கிய புத்தகம்தான் ‘கடவுளின் நகரம்’. முதல் பகுதியிலேயே அவர் பெயர் சொல்லித் தொடங்குகிறார் அகுஸ்தீன். 413இல் முதல் மூன்று பகுதிகள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன.

அதே வருஷம் ஆப்பிரிக்காவின் படைத் தலைவர் ஹெராக்ளியான் பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றார். கலகத்தை அடக்க வந்த தளபதி மரினுஸ், சதியில் பங்குண்டு என்று மர்செல்லினுஸையும் அவர் சகோதரரையும் சிறையில் போட்டான். அகுஸ்தீன் ஓடினார். பெரிய மனிதர்களைப் பிடித்தார். ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கிடைத்தது. சிறைக்கே போய் நண்பரைப் பார்த்தார்.

செப்டம்பர் 13. கார்த்தேஜின் இரத்த சாட்சி சிப்ரியானின் திருநாளுக்கு முந்தின நாள். நகரம் பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலையில் இரண்டு சகோதரர்களின் தலையும் வெட்டப்பட்டது. உத்தரவிட்டவன் கிறிஸ்தவன். வெட்டப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே திருச்சபை, ஒரே பீடம்.

அகுஸ்தீன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அந்த நகரத்தை விட்டுக் கிளம்பினார்.

அவர் மேசையில் இன்னும் பத்தொன்பது பகுதிகள் எழுதவேண்டிக் கிடக்கின்றன. களை உவமையின் முடிவில் ஒரு சிக்கல் இருப்பது அவருக்குத் தெரியும்: அறுவடையின்போது தேவதூதர்கள் களைகளைச் சேர்த்தெடுப்பது உலகத்திலிருந்து என்று அங்கே இல்லை, கிறிஸ்துவின் ராஜ்யத்திலிருந்து என்றே இருக்கிறது. அப்படியானால் களை இருக்கும் இந்தச் சபைதான் இப்போதே ராஜ்யமா? மரினுஸும் அதன் குடிமகனா?